இனிஷ்லாராவுக்குப் போகும் மணல்வழி

மே மாதம் பிறந்தால் போதும், அட்ராக்டாவும் அவள் கணவன் ஃபின்டனும், அவளுடைய தம்பி மாலக்கியும், அவன் மனைவி ஓனாவும் ஒரே காரில் மட்டைப் பைகளைத் திணித்துக்கொண்டு மேற்குக் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். பகலெல்லாம் கோல்ஃப். பொழுது சாய்ந்தால் எந்த மைதானம் உசத்தி என்று சாப்பாட்டு மேசையில் சண்டை. உண்மையைச் சொன்னால் அந்தச் சண்டைக்காகத்தான் மாலக்கி வந்தான். அவன் பந்து அடிக்கிற லட்சணத்துக்கு வேறு காரணம் இருக்க முடியாது.

சண்டையில் ஃபின்டனை யாரும் ஜெயித்ததில்லை. லீஷ் பக்கத்தில் ஆயுசு முழுக்க மாட்டு வைத்தியம் பார்த்து ஓய்ந்தவன். எந்தப் பண்ணையில் எந்தப் பசு தலைகீழாகக் கன்று போட்டது என்பதை நினைவில் வைத்திருந்த அதே மண்டைக்குள் நாட்டின் மைதானங்களும் கிடந்தன. எத்தனையாவது குழி எந்தப் பக்கம் வளைகிறது, எந்த மணற்பள்ளத்தில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது, எல்லாம் கேட்டவுடன் வாயில் வரும்.

இந்த வருடம் அப்படி வரவில்லை. அது தெரிந்தவள் அட்ராக்டா ஒருத்திதான்.

கடைசி நாள் காலை விடுதியில் உட்கார்ந்து முட்டையும் பன்றி வறுவலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரேடியோ அன்றைய மரண அறிவிப்புகளை வாசித்துக்கொண்டிருந்தது. கடைசி ஆட்டத்தை எங்கே ஆடுவது என்று பேச்சு வந்தது.

"கில்மோரனுக்கே இன்னொரு தடவை போலாம்," என்றான் மாலக்கி. "மைதானம்னா அதுதான். புல்லு கம்பளம் மாதிரி. ஆட்டம் முடிஞ்சு வந்தா சூடா சூப்பு, குளிக்க வெந்நி. வேற என்ன வேணும் மனுஷனுக்கு?"

"கில்மோரன், பஸ்ல வந்து எறங்கற அமெரிக்காக்காரங்களுக்காகப் போட்டது," என்றான் ஃபின்டன். "இனிஷ்லாராவைப் பாரு. அதை யாரும் போடல. கடவுளும் ஆடும் சேந்து பண்ணினது."

"ஆமாமா. கடவுள் எந்த எடத்துல வேலை செஞ்சாருன்னு தெரியல, ஆடு வேலை செஞ்சது போன தடவை என் ஷூவெல்லாம் ஒட்டியிருந்துச்சு."

ஓனா சிரித்தாள். ஃபின்டன் விடவில்லை. "சரி, நியாயமாவே ஒப்பிடுவோம். கில்மோரன்ல உருப்படியான குழின்னா ஆறாவது ஒண்ணுதான். அந்தக் கலங்கரை விளக்கத்தைக் குறி வெச்சு அடிக்கணுமே, அது."

கில்மோரனில் கலங்கரை விளக்கம் கிடையாது. முந்தாநாள்தான் நாலு பேரும் அங்கே ஆடிவிட்டு வந்தார்கள். மாலக்கியின் முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

"எத்தனை மைதானத்தைத்தான் மனுஷன் ஞாபகம் வெச்சுக்கறது?" என்று அட்ராக்டா சிரித்தாள். "எனக்கே எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிப்போச்சு. இன்னும் கொஞ்சம் டீ வேணுமா, ஓனா?"

இப்படிச் சமாளிப்பதில் அவள் தேர்ந்துவிட்டிருந்தாள். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஃபின்டன் போர்ட்லீஷுக்கு கார் டயர் மாற்றப் போய், இருட்டும் நேரத்தில் பழைய டயரோடேயே திரும்பி வந்தான். ரோட்டை அடைத்துவிட்டார்கள் என்றான். எந்த ரோட்டையும் யாரும் அடைக்கவில்லை. அன்றிலிருந்து அவள் அவனைக் கவனிக்கத் தொடங்கினாள். செத்துப்போன நண்பனைப் பற்றி அவன் நலம் விசாரித்தால் இவள் பேச்சை மாற்றினாள். குறைந்த அடியில் முடிப்பவனே ஜெயிக்கும் ஆட்டத்தில், அடித்த அடிகளை அவன் மறந்து குறைத்துச் சொல்லும்போது, "டாக்டரே, வயசாக ஆகக் களவாணித்தனமும் கூடுது," என்று மாலக்கி கிண்டலடிப்பான். இவளும் சேர்ந்து சிரிப்பாள். முந்தாநாள் கில்மோரனில் அவன் மட்டையை ஊன்றிக்கொண்டு, ஏற்கெனவே ஆடி முடித்த குழியைப் பார்த்து நின்றபோது, "இங்கேந்து பாத்தா கொடி அந்த வெள்ளைப் பாறை பக்கத்துல எவ்வளவு அழகா இருக்கு," என்று தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னாள். அவன் மெல்லத் திரும்பி, சரியான பக்கம் பார்த்து அடித்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு குழிக்கும் அவள் இப்படி ஏதாவது ஒன்றைச் சத்தமாக ரசிக்க வேண்டியிருந்தது.

"இனிஷ்லாராதான்," என்றான் ஃபின்டன். குரலில் ஒரு பிடிவாதம். "இந்த ஒண்ணு எனக்காக. கடல் உள்வாங்கினதும் அந்தத் தீவுக்கு மணல்லயே கார் போகும். வரிசையா கல்தூண் நட்டு வெச்சிருக்காங்க. அதை இடப்பக்கம் வெச்சுக்கிட்டு ஓட்டினா கண்ணை மூடிட்டுப் போலாம்."

"கண்ணைத் தொறந்தே ஓட்டுப்பா," என்றாள் ஓனா.

"தண்ணி எப்ப வாங்குது, எப்ப ஏறுதுன்னு பாத்தியா?" என்று அட்ராக்டா கேட்டாள்.

"பாத்தாச்சு."

"எங்க பாத்த?"

அவன் அவளைப் பார்த்தான். கோபமில்லை. ஓங்கிய கையைப் பார்த்துவிட்ட மிருகத்தின் கண் அது. "பாத்தாச்சுன்னு சொல்றேன்ல," என்றான்.

எழுந்து போய் விடுதிக்காரப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இவர்கள் எதிரில் அப்படிப் போனால் அவன் முகத்துக்கு நேரே அதைச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அட்ராக்டா ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள்.

மதியத்துக்கு முன் கிளம்பினார்கள். கார் ஃபின்டனுடையது, அவன்தான் ஓட்டினான். அட்ராக்டா பக்கத்து இருக்கையில். தார் ரோடு முடிந்து மணல் தொடங்கிய இடத்தில் ஒரு பலகை நின்றது. நீரேற்ற நேரங்கள் எழுதியிருக்க வேண்டும். அவள் கண்ணாடியோரம் சாய்ந்து படிக்கப் பார்ப்பதற்குள் கார் கடந்துவிட்டது. பிறகு ஈர மணல் மட்டும்தான். தொலைவில் பச்சையாகத் தீவு. கல்தூண்கள் ஒவ்வொன்றாக அவளுடைய ஜன்னலை ஒட்டி வந்து பின்னால் போயின. நெஞ்சளவுக்குப் பாசி படிந்திருந்த அந்தத் தூண்களை அவள் பார்க்காமல் இருக்க முயன்றாள்.

தீவில் ஒன்பதே குழிகள். மரத்தில் ஒரு சின்னக் கொட்டகை. அதை நோரீன் என்ற தீவுக்காரி பார்த்துக்கொண்டாள். பெயர் கொடுக்க ஃபின்டன் மட்டும் உள்ளே போனான். மற்றவர்கள் பைகளை இறக்கினார்கள். நோரீன் அவனிடம் ஏதோ சொல்வதும், கடல் பக்கம் கை நீட்டுவதும் கதவு வழியாகத் தெரிந்தது. அவன் தலையாட்டினான்.

"என்ன சொன்னா?" என்று அட்ராக்டா கேட்டாள்.

"நேத்திக்கு ரெண்டு முயல் பாத்தாளாம். பெரிய முயல்."

ஆட்டம் தொடங்கியது. அவள் வழக்கம்போல எதையாவது ரசிக்கத் தயாராக இருந்தாள். தேவைப்படவில்லை. முதல் குழியிலிருந்தே ஃபின்டன் பழைய ஃபின்டனாக இருந்தான். மேடு ஏறுவதற்கு முன்பே, "அந்தப் பக்கம் எறங்கினா ஒரு பள்ளம் இருக்கும், இடது ஓரமா அடி," என்றான். இறங்கினால் பள்ளம் இருந்தது. நாலாவது குழியில் காற்று எந்தப் பக்கம் பிடித்துத் தள்ளும் என்று சொன்னான், தள்ளியது. ஏழாவதில் அவன் அடித்த பந்து கொடிக்குப் பக்கத்தில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்தது. மேலே வானம்பாடிகள். ஆடுகள் தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

"சரி, தோத்துட்டேன்," என்றான் மாலக்கி. "கில்மோரன் ரெண்டாவதுதான். சூப்பு இல்லாம இதை நான் ஒத்துக்கறதுன்னா பெரிய விஷயம் டாக்டரே."

அட்ராக்டாவுக்கு மாதக்கணக்கில் முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. நான்தான் பூதாகாரமாக்கிவிட்டேனோ என்று நினைத்தாள். ஒன்பது குழி முடிந்ததும், இன்னொரு சுற்று ஆடலாம் என்றான் மாலக்கி. அவள் ஃபின்டனிடம் கேட்டாள். "நேரம் இருக்கா?"

"எக்கச்சக்கமா இருக்கு. அந்தம்மாவே சொன்னாளே, சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் அவசரமில்லேன்னு."

அவன் அவ்வளவு தெளிவாக இருந்த நாளில் அதை அவள் நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள்.

இரண்டாவது சுற்றில் பாதி போனபோது, மேட்டின் மேல் பந்து தேடிக்கொண்டிருந்த ஓனா, "மணல் ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு?" என்று கேட்டாள். நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கரைக்கும் தீவுக்கும் நடுவில் வெள்ளித் தகடு மாதிரி ஒன்று விரிந்துகொண்டிருந்தது. பைகளைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தார்கள். நடை தானாகவே ஓட்டமாயிற்று. கொட்டகை பூட்டிக் கிடந்தது.

"இங்கயே இருந்துட்டா என்ன?" என்றாள் அட்ராக்டா.

"ராத்திரி பூரா ஆடுங்களோடயா?" என்றான் மாலக்கி. "கணுக்கால் அளவுகூட இல்ல. டாக்டரே, மிதி."

ஃபின்டன் மிதித்தான். சக்கரத்துக்கு அடியில் தண்ணீர் சளசளத்தது. முதல் கல்தூண் அவளுடைய ஜன்னல் ஓரமாக வந்து போனது. இரண்டாவதும் அவள் ஜன்னல் ஓரமாகவே வந்தது.

அட்ராக்டா பின்னால் போன தூணைத் திரும்பிப் பார்த்தாள். வரும்போது அந்தத் தூண்கள் அவள் பக்கம் இருந்தன. அதே வழியில் திரும்பிப் போனால் ஃபின்டன் பக்கம் அல்லவா இருக்க வேண்டும்? வாயைத் திறந்தாள். முன்னால் குனிந்து ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கியிருந்த அவன் முகத்தைப் பார்த்தாள். மூன்றாவது தூணும் போனது.

"ஃபின்டன், கல்லு அந்தப் பக்கமில்ல இருக்கணும்?" என்றான் பின்னாலிருந்து மாலக்கி.

"இடப்பக்கம்தான். எப்பவும் இடப்பக்கம்தான்."

"வரும்போது இடப்பக்கம். போகும்போது..."

"நிறுத்து," என்று அட்ராக்டா கத்தினாள். "ஃபின்டன், வண்டியை நிறுத்து."

அவன் நிறுத்தவில்லை; மணல் நிறுத்தியது. முன்சக்கரம் எதிலோ வழுக்கி இறங்கி, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எஞ்சின் உறுமியது, சக்கரம் சுழன்றது, கார் இன்னும் கொஞ்சம் அமுங்கியது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் காலுக்கு வந்தது. அந்தக் குளிர்ச்சி அவள் பல்லில் தெரிந்தது.

"எறங்குங்க. எல்லாரும் எறங்குங்க," என்றான் மாலக்கி. கிண்டலெல்லாம் அவன் குரலிலிருந்து போய்விட்டிருந்தது.

மேலே தூக்கி நின்ற பக்கத்துக் கதவுகள் வழியாக இறங்கினார்கள். வெளியே தண்ணீர் முழங்காலுக்கு மேல். அது அலையாக வரவில்லை. சத்தமே இல்லாமல், நாலு பக்கத்திலிருந்தும், யாரையும் கவனிக்காததுபோல ஏறிக்கொண்டிருந்தது. கரை எட்டாத தூரம். தீவுதான் கிட்ட. மாலக்கி ஓனாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். அவளுக்கு ஒரு முட்டி சரியில்லை, இழுத்து இழுத்துத்தான் நடப்பாள்.

ஃபின்டன் நகரவில்லை. காரின் கூரைமேல் கையை வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றான். அட்ராக்டா அவன் கையைப் பிடித்தாள். அவன் அவள் பக்கம் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, மிகவும் மரியாதையாகக் கேட்டான்:

"இது எந்த ஊரு?"

அவளுக்குத் தண்ணீரும் குளிரும் மறந்துபோயின. கடலைப் பார்த்து இதுவரை வந்த பயமெல்லாம் பயமே இல்லை என்று ஆகிவிட்டது.

"என் கையை விடாத," என்றாள். "நான் போற எடத்துக்கு வா. அவ்வளவுதான்."

அவன் வந்தான். சின்னப்பிள்ளைபோல வந்தான். முதலில் தூண் வரிசையின் சரியான பக்கத்துக்குப் போக வேண்டும், அங்கேதான் மணல் உயரம் என்று அவள் கத்தினாள். அதுவரை போகும் கொஞ்ச தூரம்தான் கொடுமை. கால் வைத்த இடம் உள்வாங்கியது. தண்ணீர் தொடையைத் தாண்டியது. காரின் பின்கதவு திறந்திருந்ததால் மட்டைப் பைகளில் ஒன்று மிதந்து வந்து ஓனாவின் இடுப்பில் இடித்தது. அவள் அலறி, தடுமாறி விழுந்தாள். தலை ஒரு நொடி காணாமல் போய்த் திரும்ப வந்தது. மாலக்கி அவள் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினான். நாலு பேரும் தூணைக் கட்டிக்கொண்டு நின்றபோது, அட்ராக்டா காலையில் பார்க்காமல் இருக்க முயன்ற பாசிக்கோடு அவர்கள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"அடுத்த தூணுக்குப் போறோம்," என்றாள் அட்ராக்டா. "ஓனா, நடக்க முடியுமா?"

"முடியலேன்னா?" என்றாள் ஓனா.

அப்போதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது. தீவுப் பக்கத்திலிருந்து, பெரிய சக்கரங்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வர, நோரீனின் புருஷன் ஓட்டி வந்தான். பின்னால் ஆடு ஏற்றும் தொட்டியில் நோரீன் நின்றிருந்தாள். ஒவ்வொருவராக இழுத்து ஏற்றினாள். கடைசியில் ஃபின்டனை ஏற்றும்போது மூச்சு வாங்கியபடி சொன்னாள்:

"ஒன்பது குழி முடிஞ்சதும் நேராக் கெளம்பிடுங்க, இன்னிக்கு அமாவாசை, தண்ணி நெறைய ஏறும்னு உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேனே ஐயா. நீங்களும் சரின்னீங்களே."

ஃபின்டன் புன்னகை செய்தான். மாலக்கி அவனைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான். அட்ராக்டா தலையைத் திருப்பிக்கொண்டாள். கார் நின்ற இடத்தில் கூரை மட்டும் தெரிந்தது, கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியவில்லை.

நோரீனின் அடுப்படியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஃபின்டன் பக்கத்து அறையில் உடை மாற்றப் போயிருந்தான். மாலக்கி குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"உனக்கு எப்பலேந்து தெரியும்?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடிலேந்து."

"தெரிஞ்சே எங்களை அவன் வண்டில உக்கார வெச்சிருக்க."

"டாக்டர்கிட்டகூட இன்னும் போகல, மாலக்கி. போனா அது நெஜமாயிடும்னு..."

"நெஜமாத்தானே ஆச்சு இப்ப?"

ஓனா தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நான் தண்ணிக்குள்ள போனப்ப ஒரு சத்தமும் கேக்கல, அட்ராக்டா," என்றாள். "உங்க யாரு சத்தமும் கேக்கல." இதைவிட மாலக்கி கத்தியிருந்தால்கூட அட்ராக்டா தாங்கிக்கொண்டிருப்பாள்.

அட்ராக்டா எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். நோரீன் புருஷனின் தொளதொளத்த ஸ்வெட்டரில் ஃபின்டன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கண் தெளிந்திருந்தது. அதைப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது.

"நான் உங்கிட்ட ஏதோ கேட்டேன் இல்ல? தண்ணில."

"கேட்ட."

"அவங்களுக்குக் கேட்டுச்சா?"

"இல்ல. எனக்கு மட்டும்தான்."

அவன் நீளமான கைவிரல்களை விரித்துப் பார்த்துக்கொண்டான். "முந்தாநாள் கில்மோரன்ல பாதிலேந்து எனக்கு ஒண்ணுமே புரியல. எங்க நிக்கறேன், எந்தப் பக்கம் அடிக்கணும், ஒண்ணும் தெரியல. நீ கொடி அழகா இருக்கு, பாறை அழகா இருக்குன்னு சொல்லிட்டே வந்தியே, அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் அடிச்சேன்."

"உனக்குத் தெரிஞ்சுதா, நான்..."

"தெரியாம என்ன? உன் ஆயுசுல நீ ஒரு பாறையை அழகா இருக்குன்னு சொன்னதில்ல." சிரிக்கப் பார்த்தான். "ராத்திரியெல்லாம் படுத்துக்கிட்டு ஒவ்வொரு மைதானமா நெனைச்சுப் பாக்கறேன். எல்லாம் ஓட்டையா இருக்கு. ஒண்ணோட குழி இன்னொண்ணுல போய்க் கெடக்கு. இனிஷ்லாரா மட்டும் ஒண்ணுலேந்து ஒன்பது வரைக்கும் முழுசா இருந்துச்சு. அது போறதுக்குள்ள ஒரு தடவை வந்துடணும்னு பாத்தேன். அதான் அடம் புடிச்சேன். தண்ணி நேரம் நான் பாக்கவே இல்ல, அட்ராக்டா. பாத்தேனா இல்லையான்னே தெரியல. தெரியலேன்னு சொல்லப் பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான்," என்றாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியே, அவர்கள் நடந்து வந்த இடமெல்லாம் கடலாக இருந்தது.

அந்தக் கோடையில் டப்ளின் மருத்துவமனையில் மூளையைப் படம் எடுத்துப் பார்த்து, அவள் எதிர்பார்த்த மறதிநோயின் பெயரையே சொன்னார்கள். ஃபின்டன் ஓட்டுநர் உரிமத்தைத் தானாகவே எடுத்துக் கொடுத்துவிட்டான். மாலக்கி வெகுநாள் கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தான், மன்னிப்பு என்று எதையும் பேசவில்லை, ஃபின்டனோடு உட்கார்ந்து டிவியில் ஹர்லிங் ஆட்டம் பார்த்துவிட்டுப் போனான். பிறகு ஒவ்வொரு வாரமும் வந்தான். ஓனா வரவில்லை. கேட்டால் முட்டி வலி என்பான். அட்ராக்டா நம்புவதுபோலத் தலையாட்டுவாள்.

மறு மே மாதம் ஒரு காலையில் வாசலில் ஹாரன் சத்தம். மாலக்கி தன் காரில் வந்திருந்தான். பின் இருக்கையில் ஓனா நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடா போறோம்?" என்றான் ஃபின்டன்.

"நீதான் சொல்லணும் டாக்டரே. இருக்கற மைதானத்துலயே எது உசத்தி?"

ஃபின்டன் வாசலில் நின்று யோசித்தான். யோசித்துக்கொண்டே இருந்தான். வாய் திறந்து மூடியது. அட்ராக்டா அவன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். ஒரு பாறையையோ கொடியையோ சொல்லிக்கொடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை.

"கடல் இல்லாததா ஒண்ணு," என்றான் கடைசியில்.

"அப்ப நம்ம ஊரு மைதானம்தான். கேவலமான மைதானம். ஏறு," என்றான் மாலக்கி.

ஃபின்டன் முன்னால் ஏறினான். அட்ராக்டா பின்கதவைத் திறந்தாள். ஓனா நகர்ந்து இடம் கொடுத்தாள். கார் கிளம்பி வளைவில் திரும்பியபோது ஓனாவின் கை வந்து அட்ராக்டாவின் மணிக்கட்டை நகம் பதியப் பற்றிக்கொண்டது. மைதானம் வந்து சேரும் வரை அது விடவில்லை.